ஆர்.சி. ஹெலிகாப்டர் பழகப் போகிறீர்களா? முதலில் ரேடியோவைப் பிடிக்கப் பழகுங்கள்

என்னுடைய 450 ரக ஹெலி மேலே ஏறும்போதெல்லாம் மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. மெயின் ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றும் ஹெலியில் உடல் இடப்பக்கம் திரும்பப் பார்ப்பது இயல்புதான், அதனால் முழுச் சந்தேகமும் வாலை நிலையாக வைத்திருக்கும் ஜைரோ மேல் விழுந்தது. அதன் கெயினை (உணர்திறனை) ஏற்றினேன், இறக்கினேன். வால் சர்வோவை (வாலை இயக்கும் சின்ன மோட்டாரை) மாற்றினேன், 2,400 ரூபாய். வால் பிட்ச் ஸ்லைடரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். இப்படியே நாலு மாதம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மைதானத்தில் வெகுநாளாகப் பறக்கவிடும் ஒரு பெரியவர் என் ஹெலியைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இறக்கிய பிறகு பக்கத்தில் வந்தார். "தம்பி, ஹெலி சரியாத்தான் இருக்கு. கலெக்டிவ் ஏத்தும்போதெல்லாம் உங்க கட்டைவிரல் ரட்டரையும் சேத்துத் தள்ளுது" என்றார்.

கலெக்டிவ் என்பது ஹெலியை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு, ரட்டர் மூக்கை இடம் வலம் திருப்புவது. அவர் சொன்னது சரி. ரேடியோவில், அதாவது கையில் பிடித்து ஹெலியை இயக்கும் ரிமோட்டில், சேனல் மானிட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த நாலு மாதமும் 2,400 ரூபாயும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஹெலி வாங்கும் முன்பே, குறைந்தது முதல் பேட்டரியைச் செருகும் முன்பே, இதைப் படித்துவிடுங்கள். பிடி ஒருமுறை கையில் ஊறிவிட்டால் மாற்றுவது பெரிய பாடு.

1. மோடை முடிவு செய்யுங்கள்

பிடியைப் பற்றி யோசிக்கும் முன் எந்தக் குச்சி (ஸ்டிக்) எதைச் செய்யும் என்பது உறுதியாக வேண்டும். அதைத்தான் மோட் என்கிறோம். மோட் 2-ல் இடது ஸ்டிக் கலெக்டிவும் ரட்டரும், வலது ஸ்டிக் எலிவேட்டரும் (முன்னே பின்னே சாய்ப்பது) அய்லரானும் (இடம் வலம் சாய்ப்பது). மோட் 1-ல் எலிவேட்டர் இடப்பக்கமும் கலெக்டிவ் வலப்பக்கமும் இருக்கும். ஜப்பானில் மோட் 1 அதிகம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மோட் 2. உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எந்த மோடோ, அதையே எடுங்கள். அவசரத்தில் அவர் உங்கள் ரேடியோவை வாங்கி ஹெலியைக் காப்பாற்ற வேண்டி வரும்.

இனி நான் சொல்வதெல்லாம் மோட் 2-ஐ வைத்துத்தான்.

2. மூன்று பிடிகளையும் செய்து பாருங்கள்

கட்டைவிரல் பிடி: வீடியோ கேம் ஆடியவர்களுக்குக் கை தானாகவே இப்படித்தான் போகும். ரேடியோவின் எடை இரண்டு உள்ளங்கையிலும், ஸ்டிக் நுனியில் கட்டைவிரல் மட்டும். ஆள்காட்டி விரல்கள் மேலே ஸ்விட்ச்களில் இருக்கும். கழுத்துப் பட்டை தேவையில்லை, எடுத்தோம் பறக்கவிட்டோம் என்று இருக்கலாம்.

கிள்ளுப் பிடி: ஸ்டிக் நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்துப் பிடிப்பது. கட்டைவிரலின் சதைப்பகுதி உங்கள் பக்கம், ஆள்காட்டி விரலின் ஓரம் எதிர்ப்பக்கம். மற்ற மூன்று விரல்கள் ரேடியோவின் பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் தாங்கும், உள்ளங்கையின் அடிப்பகுதி ரேடியோவின் கீழ்மூலையில் பதிந்திருக்கும். கோலம் போடும்போது மாவைப் பிடிக்கிற மாதிரி, அவ்வளவு லேசாக. இதற்குக் கழுத்துப் பட்டை கட்டாயம் வேண்டும்.

ட்ரே: ரேடியோவை ஒரு தட்டில் பொருத்தித் தோள்பட்டையில் தொங்கவிட்டு, மணிக்கட்டை அந்தத் தட்டில் ஊன்றிக்கொண்டு கிள்ளுப் பிடியில் பறக்கவிடுவது. ஜெர்மனியில் இந்தப் பழக்கம் அதிகம். அங்கே ட்ரே வடிவிலேயே ரேடியோக்கள் வந்தன. நடுக்கமே இருக்காது. ஆனால் செலவும் சுமையும் கூட. புதியவர் இதில் தொடங்க வேண்டாம்.

முதல் இரண்டில் எது? இரண்டிலும் மிக நன்றாகப் பறக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் என்னைக் கேட்டால், ஹெலியில் புதிதாக வருகிறவருக்குக் கிள்ளுப் பிடிதான். காரணம் கலெக்டிவ் ஸ்டிக். மற்ற மூன்று அசைவுகளுக்கும் ஸ்பிரிங் இருக்கிறது, கையை எடுத்தால் நடுவுக்குத் திரும்பிவிடும். கலெக்டிவுக்கு அது கிடையாது, வைத்த இடத்தில் நிற்கும். ஏற்றவும் இறக்கவும் உங்கள் விரல்தான். கட்டைவிரல் மட்டும் இருந்தால் மேலே தள்ளும்போது ஒரு மாதிரியும், கீழே இழுக்கும்போது விரல் மடங்கி வேறு மாதிரியும் உணர்வு வரும். இரண்டு விரலால் பிடித்தால் ஒன்று தள்ள, இன்னொன்று தடுக்கும். ஹோவரில் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பதில்) தேவைப்படும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அசைவு அப்போதுதான் கைக்கு வரும்.

கை சிறியதாக இருந்தாலோ, ஏற்கெனவே ட்ரோனிலோ விமானத்திலோ பல வருடம் கட்டைவிரலில் பழகியிருந்தாலோ மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. கீழே வரும் மானிட்டர் சோதனையில் உங்கள் கட்டைவிரல் தேறிவிட்டால் போதும்.

3. மானிட்டர் சோதனை

இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஹெலியில் பேட்டரி இருக்கக் கூடாது, ரேடியோ மட்டும் போதும். மெனுவில் சேனல்களின் அளவைப் பட்டைகளாகக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். அதைத் திறந்து வையுங்கள்.

இப்போது திரையைப் பார்க்காமல், கலெக்டிவை மட்டும் அடியிலிருந்து உச்சிக்குக் கொண்டுபோய்த் திரும்ப இறக்குங்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி ரட்டர் பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் போனில் வீடியோ எடுங்கள். கட்டைவிரல் நேர்கோட்டில் போகாது, அதன் அடிமூட்டை மையமாக வைத்து வளைந்து போகும். இடது கட்டைவிரல் மேலே போகப் போக இடப்பக்கம் சாயும். அந்தச் சாய்வுதான் ரட்டர். எனக்கு உச்சியில் ரட்டர் பட்டை பத்து சதவீதத்துக்கு மேல் இடப்பக்கம் போயிருந்தது. நாலு மாதம் ஜைரோவைச் சந்தேகிக்க வைத்தது அந்தப் பத்து சதவீதம்தான்.

வலது ஸ்டிக்கிலும் இதையே செய்யுங்கள். எலிவேட்டரை முன்னே தள்ளும்போது அய்லரான் அசைகிறதா? கட்டைவிரல், கிள்ளு, ஸ்டிக் நீளத்தைக் கூட்டி, குறைத்து என்று ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். எதில் பக்கத்துப் பட்டை குறைவாக அசைகிறதோ, அதுதான் உங்கள் கைக்குப் பொருந்தும் பிடி. யார் சொல்வதையும்விட, நான் சொல்வதையும்விட, இந்தத் திரை சொல்வதை நம்புங்கள்.

4. ஸ்டிக் நீளமும் இறுக்கமும்

ஸ்டிக் நுனி பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும். எதிரெதிர்த் திசையில் திருகினால் பூட்டு விடுபடும். கட்டைவிரலுக்குக் குட்டையாக, கிள்ளுப் பிடிக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரமாக வைத்துத் தொடங்குங்கள். நீளமான ஸ்டிக்கில் அதே கோணத்துக்கு விரல் கூடுதல் தூரம் போக வேண்டும், அதனால் நுணுக்கம் கூடும். திருகி முடித்ததும் பூட்டுத் துண்டை மறக்காமல் இறுக்குங்கள். பறக்கும்போது நுனி கையோடு கழன்று வந்தால் அந்த ஹெலி திரும்ப வராது.

ஸ்பிரிங் இறுக்கத்தைக் கையை எடுத்துப் பார்த்தால் தெரியும். ஸ்டிக்கை ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டால் நடுவில் வந்து நிற்க வேண்டும், தாண்டிப் போய் ஆடக் கூடாது. கலெக்டிவ் ஸ்டிக்கில் ஒரு தகடு உரசி 'கிர்ர்' என்று பல்பல்லாகப் போனால், அது விமானத்துக்கான அமைப்பு. ஹெலிக்கு அந்தப் பல் வேண்டாம், வழுவழுப்பான உராய்வு வேண்டும். ரேடியோவைச் சற்றுக் குலுக்கினாலும் கலெக்டிவ் வைத்த இடத்திலேயே நிற்கிற அளவு இறுக்கம் போதும். சில ரேடியோக்களில் இதற்கான திருகுகளை முன்பக்கத் துளை வழியாகவே திருப்பலாம், சிலவற்றில் பின்மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் வாரண்டி போகுமா என்று முதலில் கடையில் கேளுங்கள். வேலை முடிந்ததும் ஸ்டிக் கேலிப்ரேஷனை மறுபடி ஓட்டிவிடுங்கள்.

எக்ஸ்போவையும், அதாவது ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பையும், இப்போதே பாருங்கள். கட்டைவிரலுக்கு 20 முதல் 30 சதவீதம் தேவைப்படலாம், கிள்ளுப் பிடிக்கு அதில் பாதி போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் பிராண்டிலும் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் ரேடியோக்களிலும் பிளஸ் போட்டால் நடுப்பகுதி மென்மையாகும். ஃபுட்டாபாவில் மைனஸ் போட வேண்டும். நண்பரின் செட்டிங்கை அப்படியே காப்பி அடித்தால் ஹெலி துடிக்கும்.

5. கழுத்துப் பட்டை

250 ரூபாயிலிருந்து 600 ரூபாய்க்குள் நல்ல பட்டை கிடைக்கும். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, முன்கை தரைக்கு இணையாக இருக்கும்போது ரேடியோ தொப்புள் உயரத்தில் நிற்க வேண்டும். மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விடுங்கள். ரேடியோ ஒரு பக்கமும் கவிழாமல் தொங்கினால் கொக்கி சரியான இடத்தில் இருக்கிறது. கவிழ்ந்தால் அதை நிமிர்த்தும் வேலையை உங்கள் மணிக்கட்டு செய்துகொண்டே இருக்கும், இரண்டாவது பேட்டரியிலேயே வலி வரும்.

பட்டையால் வரும் ஆபத்து ஒன்று உண்டு, அதை அலட்சியப்படுத்தாதீர்கள். பேட்டரி செருக ஹெலியின் மேல் குனியும்போது கழுத்தில் தொங்கும் ரேடியோ முன்னே ஆடும். கலெக்டிவ் ஸ்டிக் முழங்காலிலோ கேனப்பியிலோ (ஹெலியின் முன்மூடியிலோ) இடிக்கும். மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் ஸ்விட்சைப் போடாமல் இருந்தால் ரோட்டர் உங்கள் முகத்துக்குக் கீழே சுற்றத் தொடங்கும். குனியும் முன் பட்டையைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் ரேடியோவை முதுகுப்பக்கம் தள்ளிவிடுங்கள். ரேடியோவைத் தரையில் வைத்தால் படுக்க வையுங்கள். நிற்க வைத்த ரேடியோ காற்றில் குப்புற விழுந்தால் ஸ்டிக் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

6. த்ராட்டில் ஹோல்ட் விரலுக்கு எட்டுகிறதா?

450 ரகத்தில் ரோட்டரின் விட்டம் ஏறக்குறைய 72 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால் பிளேடு நுனி மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. 2013-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்கா ஒன்றில் பெரிய ஹெலி ஒன்றைப் பறக்கவிட்ட 19 வயது இளைஞர் அதே ஹெலியின் பிளேடு பட்டு இறந்தார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிடியைத் தேர்ந்தெடுக்கும்போது ஹோல்ட் ஸ்விட்சைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹோல்ட் என்பது மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச். ஸ்டிக்கிலிருந்து விரலை எடுக்காமலே அது எட்ட வேண்டும். கட்டைவிரல் பிடியில் ஆள்காட்டி விரல் மேலே சும்மா இருப்பதால் சுலபம். கிள்ளுப் பிடியில் ஆள்காட்டி விரல் ஸ்டிக்கில் மாட்டிக்கொள்வதால் நடுவிரலால் தட்ட வேண்டும். பல ரேடியோக்களில் ஹோல்டை எந்த ஸ்விட்சுக்கும் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் நடுவிரல் இயல்பாகப் போகும் ஸ்விட்சைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டிக் அடியில் இருந்தாலும் ரோட்டரை வேகமாகச் சுற்ற வைக்கும் ஐடில்-அப் ஸ்விட்சை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், முடிந்தால் அடுத்த கைக்கே கொடுத்துவிடுங்கள்.

கிள்ளுப் பிடிக்கு மாறிய முதல் வாரத்தில் நான் இதைக் கவனிக்கவில்லை. ஹெலி சாயத் தொடங்கியதும் ஹோல்ட் போட இடது கையை முழுவதும் எடுத்தேன். எடுக்கும் வேகத்தில் கலெக்டிவ் மேலே போய்விட்டது. பிளேடு ஜோடி, வால் குழாய், மெயின் கியர் எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய்.

வீட்டில் பேட்டரி இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது முறை ஹோல்ட் தட்டிப் பழகுங்கள். தட்டும்போது வாய்விட்டு "ஹோல்ட்" என்று சொல்லுங்கள், மைதானத்திலும் அது கைகொடுக்கும். இன்னொன்று, ஹோல்ட் போட்டாலும் பிளேடு வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், கலெக்டிவும் வேலை செய்யும். முழுக்க நிற்கும்வரை கிட்டே போகாதீர்கள்.

7. ஆன்டெனா

2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் நுனி நேராக ஹெலியைக் குறிபார்க்கக் கூடாது, அந்தத் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு. மடக்கிப் பக்கவாட்டில் வையுங்கள். சில புதிய ரேடியோக்களில் ஆன்டெனா மேல்கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது. பறக்கும்போது அதைக் கையால் மூடாதீர்கள்.

8. செலவும் காகிதமும்

நான் விசாரித்தபோது, ஃப்ளைஸ்கை எஃப்.எஸ்-ஐ6 போன்ற ஆரம்ப ரேடியோ 5,000 ரூபாய்க்குள் இருந்தது. 392 கிராம்தான், கட்டைவிரல் பிடியில் பட்டை இல்லாமலே பிடிக்கலாம். ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் போன்றது 20,000 ரூபாயை ஒட்டி வந்தது. அதன் எடைக்குப் பட்டை இல்லாமல் கிள்ளுப் பிடி நடக்காது. வாங்கும் முன் யாருடையதையாவது ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைத்தால், ரேடியோ அலை வீசும் சாதனம் என்பதால் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் இ.டி.ஏ. சான்று (சாதன வகை ஒப்புதல்) கேட்கப்படும். அந்த மாடலுக்குச் சான்று இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னிடம் அது இல்லாததால் பார்சல் மூன்று வாரம் நின்று, கடைசியில் திரும்பிப் போனது. உள்நாட்டில் ஜி.எஸ்.டி. பில்லுடன் வாங்குவது சில நூறு ரூபாய் கூடினாலும் நிம்மதி. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை இங்கே தனி உரிமம் தேவையில்லை. 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், அந்த அலைவரிசை இங்கே அனுமதிக்கப்பட்டதல்ல. முழு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது, பாகங்களுக்கு இல்லை. முழு ஹெலியைத் தருவிக்கும் முன் இதை மனதில் வையுங்கள்.

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ' வகை. 450 ரக ஹெலி இதில் வரும். வணிக நோக்கம் இல்லாவிட்டால் இந்த எடைக்குப் பைலட் உரிமம் தேவையில்லை. ஆனால் இடம் முக்கியம். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமாக இருக்க வேண்டும். பச்சையில் 400 அடி வரை, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி வரை. சென்னைக்காரர்களுக்கு மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம், கல்பாக்கம் மூன்றும் இருப்பதால் வீட்டுப் பக்கத்து மைதானம் பெரும்பாலும் ஆகாது. நாங்கள் செங்கல்பட்டைத் தாண்டிப் போகிறோம். கிளம்பும் நாளன்று காலையிலேயே வரைபடத்தைப் பாருங்கள், அது மாறக்கூடியது.

9. சிமுலேட்டரில் மூன்று வாரம்

டிஎக்ஸ்16எஸ் போன்ற ரேடியோவை யு.எஸ்.பி. கேபிளில் கணினியோடு இணைத்தாலே ஜாய்ஸ்டிக்காக வேலை செய்யும். மற்றவற்றுக்கு ஒரு டாங்கிள் வேண்டும், 1,000 ரூபாயை ஒட்டி இருக்கும். ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ் இரண்டும் பலர் பயன்படுத்துபவை.

பறக்கவிடப் போகும் அதே ரேடியோ, அதே ஸ்டிக் நீளம், அதே பட்டை. நின்றுகொண்டே பழகுங்கள். நாற்காலியில் சாய்ந்து, ரேடியோவை மடியில் வைத்துப் பழகிய பிடி மைதானத்தில் உதவாது. தினமும் 20 நிமிடம் போதும், ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்காருவதில் பலனில்லை. வால் உங்களைப் பார்த்தபடி ஒரே இடத்தில் ஹோவர், அதை மட்டும் முதல் வாரம் செய்யுங்கள். பிடியை மாற்றுகிறவர்களுக்கு அந்த வாரம் பழையதைவிட மோசமாகத்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம். எனக்குப் பத்தாவது நாள் வாக்கில் கை நினைக்காமலே சரியாகப் போகத் தொடங்கியது.

நடுநடுவே கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நகம் வெளுத்திருந்தால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். ஹெலியை நிறுத்தி, தோளைத் தளர்த்தி, மூச்சை விட்டுத் தொடருங்கள். இறுக்கம் விரலில் தொடங்குவதில்லை, தோளிலிருந்து இறங்கி வருகிறது.

10. மைதானத்தில் முதல் நாள்

காலை ஆறரைக்குப் போய்விடுங்கள். எட்டரைக்கு மேல் காற்று எழும், வெயிலில் விரல் வியர்த்து உலோக ஸ்டிக் நுனி வழுக்கும். பாக்கெட்டில் ஒரு காட்டன் கைக்குட்டை இருக்கட்டும். ஒவ்வொரு பேட்டரிக்கு முன்பும் விரலையும் ஸ்டிக் நுனியையும் துடையுங்கள்.

முதலில் ரேடியோவை ஆன் செய்யுங்கள். ஹோல்ட் போட்டிருக்கிறதா, ஐடில்-அப் அணைந்திருக்கிறதா, கலெக்டிவ் அடியில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அதன் பிறகே ஹெலியில் பேட்டரி. ஹெலிக்குப் பின்னால் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். இரண்டு காலையும் தோள் அகலத்துக்கு வைத்து, உடம்பை ஹெலியின் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஹெலி நகர்ந்தால் கழுத்தை மட்டும் திருப்பாமல் ரேடியோவோடு உடம்பையும் திருப்புங்கள். அடியில் பயிற்சிக் கால்கள் கட்டாயம் இருக்கட்டும்.

டைமரை நாலு நிமிடத்துக்கு வையுங்கள். முதல் நாள் இரண்டு நிமிடத்திலேயே கை நடுங்கும், எல்லோருக்கும் நடுங்கும். நடுங்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். "ஹோல்ட்" என்று சொல்லி ஸ்விட்சைத் தட்டி, பிளேடு நிற்கும்வரை காத்திருந்து, நடந்து போய் முதலில் ஹெலியின் பேட்டரியை எடுங்கள். ரேடியோவை அணைப்பது அதற்கும் பிறகுதான்.